விடுபட்ட சொல்லைக் கண்டறிதல்
(நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு பாடம்)

தம் பிள்ளையை ஆறாம் வகுப்பில் நல்லதொரு விடுதிப் பள்ளியில் சேர்க்க விரும்பும் அங்கத்தினர், ஆய்வுப் பணியின் பொருட்டு ஊர்தோறும் செல்லும் நம்மிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர். "கணக்கைப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள், பிள்ளையும் போடுகிறான். சொல்லறிவை யார் சொல்லிக் கொடுப்பது? எங்கள் வீட்டில் புத்தகம் ஏது?" என்பதே அக்கேள்வி. புத்தகம் நிறைந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கே சொல்வளம் வாய்க்கும் என்றும், தறியும் ஏரும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாத பொருள் என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது வாக்கியமே. வாக்கியமோ எல்லா வீட்டிலும் உண்டு. இதனை விளக்கிப் பயிற்சியும் தருவது இப்பாடத்தின் நோக்கமாகும்.

தேர்வில் சொல்லறிவின் இடம்

உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962ஆம் ஆண்டு சைனிக் பள்ளி தொடங்கப்பெற்றது. 2021-22 கல்வியாண்டு முதல் சைனிக் பள்ளிகளில் பெண்பிள்ளைகளும் சேர்க்கப்படுகின்றனர். இப்பள்ளிகளின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 2024ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்வில் மொத்தம் 300 மதிப்பெண்கள். காலம் 150 நிமிடங்கள். கணக்கிற்கு 50 வினாக்களும், மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகிய ஒவ்வொன்றிற்கும் 25 வினாக்களும் அமைந்திருந்தன. மொழிக்கு மட்டும் 50 மதிப்பெண்கள். புதுச்சேரி, காரைக்கால் ஆகிய இடங்களில் உள்ள ஜவஹர் நவோதயா பள்ளிகளின் ஆறாம் வகுப்புத் தேர்வில், 100 மதிப்பெண்ணில் 25 மொழிக்கு உரியவை. அங்கே உரைநடைப் பகுதியைப் படித்து விடையளிக்க வேண்டும். தேர்வு முறை மாறக்கூடும் ஆதலின், பெற்றோர் அவ்வவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நன்று.

பிறநாடுகளிலும் இவ்வகைத் தேர்வுகள் உள்ளன. அமெரிக்காவில் தனியார் பள்ளிகளின் நுழைவுக்கு நடைபெறும் ஐ.எஸ்.இ.இ. என்னும் தேர்வின் நடுநிலைப் பிரிவில், சொல்லறிவுப் பகுதிக்கு 20 நிமிடங்களில் 40 வினாக்கள். அவை ஒருபொருட் சொற்களைக் கேட்பனவும் வாக்கியத்தை நிறைவு செய்யக் கேட்பனவுமாகும். ஒரு வினாவிற்குக் கிடைப்பது அரை நிமிடமே. மனப்பாடம் செய்த நீண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லைத் தேடி எடுக்க இக்காலம் போதாது. வாக்கியத்தைப் படித்தவுடனே அதில் இன்ன சொல்தான் பொருந்தும் என உணரும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்திற்கு உரிய வழியே கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி.

இம்முறையின் வரலாறு

கோடிட்ட இடங்களை நிரப்புதல் நம் பள்ளிகளில் மிகப் பழகிய வினாவகை. எனினும் இதனை அறிவை அளக்கும் கருவியாக ஆராய்ந்தவர்களுள் முன்னவர் ஜெர்மானிய உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் ஆவார். நீண்ட நேரப் பாடத்தால் மாணவர் களைப்படைகின்றனரா என்பதை ஆராயும் பொருட்டு, பிரெஸ்லாவு நகரப் பள்ளிகளில் அவர் சில சோதனைகளை நடத்தி, அதன் முடிவை 1897இல் வெளியிட்டார். சொற்களும் அசைகளும் விடுபட்ட உரைநடைப் பகுதியைத் தந்து நிரப்பச் செய்தது அவற்றுள் ஒன்று. நன்கு பயிலும் மாணவரையும் பின்தங்கியவரையும் பிறவற்றினும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது இச்சோதனையே.

அடுத்து 1953இல் வில்சன் டெய்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இம்முறையைப் புதியதொரு நோக்கில் பயன்படுத்தினார். ஓர் உரைநடைப் பகுதியில் குறித்த இடைவெளிக்கு ஒரு சொல்லாக நீக்கிவிட்டுப் படிப்பவரிடம் தந்தார். அவர் எத்தனை சொற்களைச் சரியாக மீட்கிறார் என்பதைக் கொண்டு, அப்பகுதி படிப்பவருக்கு எளிதா கடினமா என்று அளந்தார். இங்கே அளக்கப்படுவது படிப்பவரின் திறம் மட்டுமன்று. எழுதியவரின் தெளிவும் அளக்கப்படுகின்றது. இக்கருத்தை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

விடை காண ஐந்து படிகள்

கீழ்வரும் வினாவை நோக்குக.

சங்கத்தின் வளர்ச்சி ஒருவரது உழைப்பால் வந்ததன்று. அஃது அங்கத்தினர் அனைவரின் ______ முயற்சியால் விளைந்தது.
(அ) தனிப்பட்ட (ஆ) கூட்டு (இ) தற்செயலான (ஈ) அரைமனதான

முதற்படி: நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை முழுவதும் படிக்க வேண்டும். விடைகளை முதலில் பார்த்தால் அவை பிள்ளையின் கருத்தை இழுத்துச் செல்லும்.

இரண்டாம் படி: கோடிட்ட இடத்தின் பொருளைக் காட்டிக் கொடுக்கும் சொல் எது எனத் தேட வேண்டும். இதனைக் குறிப்புச்சொல் என்போம். இவ்வாக்கியத்தில் "ஒருவரது", "அனைவரின்" ஆகிய இரண்டும் குறிப்புச்சொற்கள். முன்னது விலக்கப்படுகின்றது, பின்னது ஏற்கப்படுகின்றது.

மூன்றாம் படி: விடைகளைப் பாராமலே, தனக்குத் தோன்றும் சொல்லைப் பிள்ளை சொல்ல வேண்டும். "எல்லாரும் சேர்ந்து செய்த" என்று பேச்சுமொழியில் சொன்னாலும் போதும். பொருள் கைவசமாகிவிட்டது.

நான்காம் படி: இப்போது கையை எடுத்து, தன் சொல்லோடு பொருந்தும் விடையைத் தேட வேண்டும். பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குக. "தனிப்பட்ட" என்பது நேர்மாறானது. "தற்செயலான" என்பது முயற்சியோடு இசையாது. "அரைமனதான" முயற்சியால் வளர்ச்சி விளையாது. எஞ்சியது "கூட்டு".

ஐந்தாம் படி: தேர்ந்த சொல்லை இட்டு, வாக்கியத்தை வாய்விட்டோ மனத்திற்குள்ளோ ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். செவிக்கு இடறினால் மீண்டும் ஆராய்க.

இவ்வைந்தும் தொடக்கத்தில் காலம் எடுக்கும். ஒரு வினாவிற்கு ஐந்து நிமிடம் ஆயினும் பெற்றோர் பொறுத்துக்கொள்க. நெசவு பழகுபவன் முதல் நாளில் நாடாவை எறியும் வேகத்தையும், ஓராண்டு கழித்து எறியும் வேகத்தையும் நாம் அறியாதவர்கள் அல்லர்.

வாக்கியங்கள் நால்வகை

கோடிட்ட வாக்கியங்களை அவற்றின் அமைப்பு நோக்கிப் பெரும்பாலும் நான்கு வகையுள் அடக்கலாம். வகையை அறிந்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

1. காரண விளைவு வாக்கியம். "ஆதலால்", "எனவே", "ஆகவே" முதலிய சொற்களோ, "ஆல்" என்னும் உருபோ இதனைக் காட்டும். "மழை பொய்த்ததால் அவ்வாண்டு விளைச்சல் ______." பெருகியதா, குன்றியதா? மழை பொய்த்தது காரணம், குன்றுதல் விளைவு.

2. மாறுபாட்டு வாக்கியம். "ஆனால்", "ஆயினும்", "எனினும்" முதலியவை இதன் அடையாளம். "அவர் பேச்சில் கடுமை இருந்ததெனினும், உள்ளத்தில் ______ இருந்தது." "எனினும்" என்ற சொல் வாக்கியத்தின் போக்கைத் திருப்புகின்றது. ஆதலின் கடுமைக்கு மாறான "கனிவு" பொருந்தும். "சினம்" எனக் குறிக்கும் பிள்ளை "கடுமை"யைப் பார்த்தது. "எனினும்" என்பதைப் பார்க்கவில்லை.

3. விளக்க வாக்கியம். முற்பகுதி கூறிய கருத்தைப் பிற்பகுதி விரித்துரைக்கும். "அவர் நடுநிலை தவறாதவர், உறவினர், அயலார் என்ற ______ அவரிடம் இல்லை." பண்பாடு, உடன்பாடு, வழிபாடு, பாகுபாடு என நான்கு விடைகள் தரப்பட்டால், ஒலியில் அனைத்தும் ஒன்றுபோலத் தோன்றும். நடுநிலை தவறாதவரிடம் இல்லாதது எது என்று கேட்டால் "பாகுபாடு" தானே வெளிப்படும்.

4. ஒப்புமை வாக்கியம். "போல", "அதுபோன்று" என்பவை இதனைக் காட்டும். "நூல் சிக்கினால் இழையை அறுத்துவிடாமல் பொறுமையாகப் பிரிப்பது போல, உறவில் பிணக்கு நேர்ந்தால் அதை நிதானமாகத் ______ வேண்டும்." சிக்கைப் பிரிப்பதற்கு ஒப்பானது பிணக்கைத் "தீர்ப்பது". ஆதலின் "தீர்க்க" என்பதே விடை.

எதிர்மறைச் சொல்லைக் குறித்துத் தனியே எச்சரிக்கை வேண்டும். "இல்லை", "அன்று", "மாட்டார்", "இலர்" என்பவற்றைப் பிள்ளைகள் அடிக்கடி கவனியாது விடுகின்றனர். வாக்கியத்தில் எதிர்மறை இருக்குமாயின் அதன் கீழ் ஒரு கோடு இடும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே உண்டாக்குக.

தமிழுக்கே உரிய மூன்று நுட்பங்கள்

முதலாவது, ஒலி நெருங்கிய சொற்கள். ர, ற, ல, ழ, ள, ந, ன, ண ஆகிய எழுத்துகளால் பொருள் மாறுபடும் சொற்கள் தேர்வில் பெரிதும் இடம்பெறும். "சேலையின் கரையில் சரிகை ஓடுகிறது" என்பதில் வரும் "கரை" வேறு. "சேலையில் எண்ணெய்க் கறை படிந்தது" என்பதில் வரும் "கறை" வேறு. முன்னது சேலைக்கு விலை சேர்ப்பது. பின்னது விலை குறைப்பது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை இவ்வேறுபாட்டை எளிதில் மறவாது. தறியில் நெய்கிறோம், நெய்த ஆடையைத் தரிக்கிறோம். உழவர் வீட்டுப் பிள்ளைக்குப் பின்வரும் வாக்கியம் ஒன்றே போதும்: "விளைந்த நெல்லுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என உழவர் விழைகின்றனர்." இம்மூன்று சொற்களையும் மறைத்து நிரப்பச் சொல்லுக.

இரண்டாவது, பல பொருள் தரும் ஒரு சொல். "நூல்" என்பது இழைக்கும் பெயர், புத்தகத்திற்கும் பெயர். "இச்சிட்டத்து நூல் ______, பாவுக்கு ஆகாது" என்ற வாக்கியத்தில் "நைந்தது" எனலாம். "இப்புலவரின் நூல் ______, பலமுறை அச்சாயிற்று" என்ற வாக்கியத்தில் "சிறந்தது" எனலாம். சொல் ஒன்றே, சூழல் வேறு. சூழலைப் பாராமல் சொல்லுக்குப் பொருள் கூறலாகாது என்பதை இதனால் பிள்ளை உணரும். இதன் மறுபக்கமும் உண்டு: ஏறத்தாழ ஒரே பொருள் தரும் பல சொற்கள். "பல காலம் உடுத்தியதால் வேட்டி ______, முள்ளில் மாட்டியதால் துண்டு ______" என்ற வாக்கியத்தில் முன்னது "நைந்தது", பின்னது "கிழிந்தது". இரண்டும் கெடுதலைக் குறிப்பனவே. எனினும் நைவது மெல்ல நிகழ்வது. கிழிவது நொடியில் நிகழ்வது.

மூன்றாவது, இலக்கணம் தரும் குறிப்பு. "மணி ______ப் படித்தான்" என்ற வாக்கியத்தில் பாடம், பாடத்தை, பாடத்தில், பாடத்தோடு என நான்கு விடைகள் இருப்பின், கோட்டை அடுத்து நிற்கும் "ப்" என்ற ஒற்றே "பாடத்தை" எனச் சுட்டிவிடுகின்றது. இரண்டாம் வேற்றுமை உருபின் பின் வல்லினம் மிகும் என்பது விதி. அவ்வாறே, "சங்கத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை ______" என்ற வாக்கியத்தில், "கணக்குகள்" பன்மையாதலாலும், அவை தாமே தணிக்கை செய்யமாட்டா ஆதலாலும், "செய்யப்படுகின்றன" என்பதே பொருந்தும். "செய்கின்றன" என்பதும் "செய்யப்படுகிறது" என்பதும் பொருந்தா.

வீட்டில் பழகும் முறை

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். அதற்கெனப் பிள்ளையைப் பள்ளியினின்றோ விளையாட்டினின்றோ நிறுத்த வேண்டுவதில்லை.

எழுதப் படிக்க அறியாத பெற்றோரும் இப்பயிற்சியை நடத்தலாம் என்பதை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். தாய் தார் சுற்றும்போதோ தந்தை மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதோ, ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிடுக. "பாவுக்குக் கஞ்சி போதாவிட்டால் இழை..." என்று நிறுத்தினால், "அறும்" என்று பிள்ளை சொல்லட்டும். "மடையைத் திறக்காவிட்டால் கடைவயல்..." என்றால், "காயும்" என்று சொல்லட்டும். விடை சரியாயினும் "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று ஒரு கேள்வி கேட்க மறவற்க. எந்தச் சொல்லைக் கொண்டு விடையைக் கண்டான் என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்லும்போதுதான் பயிற்சி நிறைவு பெறுகின்றது.

படிக்க அறிந்தவர் செய்யத்தக்கது மற்றொன்று. பழைய செய்தித்தாளிலோ இவ்விதழிலோ ஒரு பத்தியைத் தெரிந்து, முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, பின்வருவனவற்றில் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல்லாக மையிட்டு மறைத்து, பிள்ளையிடம் தருக. பழகப் பழக இடைவெளியைக் குறைத்து ஐந்து சொல்லுக்கு ஒன்றாக்குக. மறைத்த சொல்லையே பிள்ளை சொல்ல வேண்டுமென்பதில்லை; பொருளும் இலக்கணமும் பொருந்தும் வேறு சொல்லைச் சொன்னாலும் ஏற்றுக்கொண்டு, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பேசுக. சொல்வளம் பெருகுவது இப்பேச்சினால்தான்.

புதிய சொற்களுக்கென ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். அதில் நான்கு பத்திகள் இருக்கட்டும்: சொல், அதைக் கண்ட வாக்கியம், அதன் எதிர்ச்சொல், பிள்ளை தானே ஆக்கிய வாக்கியம். நாளைக்கு ஐந்து சொற்கள் வீதம் வாரத்தில் ஆறு நாள் எழுதினால் முப்பது சொற்கள். இருபது வாரத்தில் அறுநூறு. ஏழாம் நாள் புதுச்சொல் வேண்டா. பழையவற்றைத் திருப்புதல் வேண்டும். கற்றதை மனிதர் விரைவில் மறக்கின்றனர் என்பதையும், இடைவிட்டுத் திருப்பினால் மறதி குறைகின்றது என்பதையும், மேலே குறித்த எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆராய்ச்சியில் காட்டியுள்ளார். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை எனத் திருப்புக.

அகராதியைப் பற்றி ஒரு சொல். பொருளை வாக்கியத்திலிருந்து ஊகித்த பிறகே அகராதியைப் பார்க்க வேண்டும். ஊகிக்கும் முன் பார்த்தால் சொல் மனத்தில் தங்காது. 1992இல் முதற்பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தருவதால் இப்பயிற்சிக்கு ஏற்றது. ஒவ்வொரு வீட்டிலும் அதனை வாங்க இயலாது. ஒரு சங்கம் ஒரு படி வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைக்கலாகாதா?

பிள்ளைகளுக்கு மட்டுமன்று

இவ்விதழில் இப்பாடத்தை எழுதுவதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் "நீ ஏன் இங்கே இருக்கிறாய்?" என்று கேட்கும் பழக்கம் பிள்ளைக்குத் தேர்வில் மதிப்பெண் தரும், பெரியவருக்கோ வீட்டையும் நிலத்தையும் காக்கும்.

கடன் பத்திரங்களில் பொதுவாகக் காணும் ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். "கடனாளியும் பிணையாளர்களும் இக்கடனுக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர்." அயலாருக்காகப் பிணைக் கையொப்பம் இட்ட அங்கத்தினர் பலரிடம் இத்தொடரின் பொருளைக் கேட்டிருக்கிறோம். "மூவரும் சேர்ந்து பொறுப்பு, ஆகவே எனக்கு மூன்றில் ஒரு பங்கு" என்பதே பெரும்பாலோர் விடை. அவர்கள் "கூட்டாகவும்" என்ற சொல்லைப் படித்தனர். "தனித்தனியாகவும்" என்ற சொல்லைக் கடந்துவிட்டனர். அச்சொல்லை மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். பின்னர் அதனை இட்டுப் படியுங்கள். ரூ.60,000 கடனில் நிலுவை முழுவதையும் மூவருள் எவரேனும் ஒருவரிடமிருந்தே கேட்டுப் பெறலாம் என்னும் பொருளை அந்த ஒரு சொல் தருகின்றது. உடன்படிக்கையில் வேறுவகையாகக் கூறப்பட்டாலன்றி, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவும் கூறுகின்றது. தாம் செலுத்திய தொகையைக் கடனாளியிடமிருந்து பின்னர்ப் பெறும் உரிமை பிணையாளருக்கு உண்டு. ஆனால் அதனைப் பெறும்வரை சுமை அவருடையதே.

பிணை நிற்பது தவறென்று இதனால் கருதற்க. ஒருவருக்கொருவர் பிணை நில்லாவிடில் கூட்டுறவு இயக்கமே இல்லை. அறிந்து நிற்பது அறம். அறியாது நிற்பது இடர். ஆதலின் கையொப்பம் இடுமுன் பத்திரத்தைத் தம் பிள்ளையிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விளங்காத சொல் வரும்போது நிறுத்தி, அதனை நீக்கினால் வாக்கியம் எவ்வாறு மாறுகின்றது என்று இருவரும் ஆராயுங்கள். பிறகும் விளங்காவிடில் செயலாளரைக் கேளுங்கள். கேட்பது அங்கத்தினரின் உரிமை.

செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெய்லரின் முறையை முன்னர்க் குறிப்பிட்டோம். பொதுப்பேரவைக் கூட்ட அறிவிப்பையோ கடன் நினைவூட்டலையோ அச்சிடுமுன், அதில் ஐந்து சொல்லுக்கு ஒரு சொல்லை மறைத்து, அங்கத்தினர் சிலரிடம் படித்துக் காட்டுக. விடுபட்ட சொற்களை அவர்களால் பெரும்பாலும் ஊகிக்க முடியாதாயின், குறை அவர்களிடம் இல்லை, அறிவிப்பில்தான் உள்ளது. அதனைத் திருத்தி எழுதுக.

பயிற்சி

விடைகள் இறுதியில் தரப்பட்டுள்ளன. அவற்றை மறைத்துக்கொண்டு, ஐந்து படிகளையும் முறையே பின்பற்றி விடை காண்க. ஒவ்வொரு விடைக்கும் குறிப்புச்சொல்லையும் சொல்லுக.

1. தொடர்மழையால் நெற்கதிர்கள் நனைந்து ______. ஆகவே உழவர்க்கு இழப்பு நேர்ந்தது.
(அ) முளைத்தன (ஆ) முற்றின (இ) செழித்தன (ஈ) பூத்தன

2. அவன் மெலிந்த உடலினன். ஆயினும் மூட்டை தூக்குவதில் ______.
(அ) தளர்ந்தவன் (ஆ) வல்லவன் (இ) அஞ்சுபவன் (ஈ) சோம்பேறி

3. அவர் சொன்ன சொல் தவறாதவர். ஆதலின் அவர் வாக்கில் எவரும் ______ கொள்வதில்லை.
(அ) மகிழ்ச்சி (ஆ) நம்பிக்கை (இ) ஐயம் (ஈ) விருப்பம்

4. ஆழ உழுத நிலம் மழைநீரை உறிஞ்சுவது போல, ஆர்வமுள்ள மாணவன் அறிவை ______.
(அ) ஈர்த்துக்கொள்கிறான் (ஆ) உதறிவிடுகிறான் (இ) மறைத்துவிடுகிறான் (ஈ) மறந்துவிடுகிறான்

5. சேலையின் இரு ______களிலும் சரிகை இழை ஓடியது.
(அ) கறை (ஆ) கரி (இ) கரை (ஈ) கறி

6. வாங்கிய கடனில் இன்னும் செலுத்தப்படாத தொகைக்கு ______ என்று பெயர்.
(அ) ஈவு (ஆ) நிலுவை (இ) முன்பணம் (ஈ) பற்றுச்சீட்டு

7. குழந்தைகள் தோட்டத்தில் ஓடியாடி மகிழ்ந்து ______.
(அ) விளையாடினான் (ஆ) விளையாடியது (இ) விளையாடினர் (ஈ) விளையாடினாள்

8. கமலா ______ச் சுமந்து வந்தாள்.
(அ) குடம் (ஆ) குடத்தை (இ) குடத்தில் (ஈ) குடத்தால்

9. சாயம் ______ சேலையை வாங்குவோர் இலர். ஆதலின் நெய்வதற்கு முன்பே நூலின் சாயம் ______ எனச் சோதித்தறிய வேண்டும்.
(அ) போகும், உறுதியானதா (ஆ) போகாத, உறுதியானதா (இ) போகும், விலையுயர்ந்ததா (ஈ) போகாத, புதியதா

10. அவள் கூறிய விளக்கம் ______ இருந்தது. ஒருமுறை கேட்டதும் அனைவரும் புரிந்துகொண்டனர்.
(அ) மறைபொருளாக (ஆ) நீண்டதாக (இ) கடினமாக (ஈ) தெளிவாக

விடைகள்

1. (அ) முளைத்தன. "நனைந்து", "இழப்பு" இரண்டும் குறிப்பு. முற்றுதலும் செழித்தலும் இழப்பாகா.
2. (ஆ) வல்லவன். "ஆயினும்" போக்கைத் திருப்பியது.
3. (இ) ஐயம். "கொள்வதில்லை" என்னும் எதிர்மறையைக் கவனியாதவர் "நம்பிக்கை" எனக் குறித்திருப்பர்.
4. (அ) ஈர்த்துக்கொள்கிறான். உறிஞ்சுதலுக்கு ஒப்பானது.
5. (இ) கரை. "சரிகை" குறிப்புச்சொல்.
6. (ஆ) நிலுவை. "இன்னும் செலுத்தப்படாத" என்பதே அதன் பொருள் விளக்கம்.
7. (இ) விளையாடினர். எழுவாய் பன்மை.
8. (ஆ) குடத்தை. கோட்டை அடுத்த "ச்" என்னும் ஒற்றை நோக்குக.
9. (அ) போகும், உறுதியானதா. இரண்டு இடம் உள்ள வினாவில் ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. இரண்டும் பொருந்த வேண்டும். "இலர்" என்பதால் முதல் இடத்தில் சேலையின் குறை வரவேண்டும்; ஆகவே (ஆ), (ஈ) நீங்கும். போகும் சாயத்திற்கு மாறானது உறுதியான சாயமாதலால் (இ) நீங்கும்.
10. (ஈ) தெளிவாக. பிற்பகுதி முற்பகுதியின் விளக்கம்.

பத்தில் எட்டும் அதற்கு மேலும் சரியாகச் செய்த பிள்ளை நாடோறும் புதிய பத்தியை எடுத்துப் பழகலாம். ஐந்துக்குக் குறைவாயின் வருந்த வேண்டா. தவறிய ஒவ்வொரு வினாவிலும் எந்தக் குறிப்புச்சொல்லைப் பாராது விட்டோம் என்று எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து இதே பயிற்சியை மீண்டும் செய்க. பத்து வினாக்களை அங்கத்தினரே ஆக்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தருவார்களாயின் இன்னும் நன்று. நூலும் விதையும் பணமும் பகிர்ந்து பழகிய நமக்குச் சொல்லைப் பகிர்வது அரிய செயலன்று. பகிர்ந்தால் குறையாத முதலும் அதுவே.